ஆற்றைக் காட்டி வளர்ப்போம்

(கோடை விடுமுறைப் பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



போன வாரம் மதரஸாவில் சின்னப் பிள்ளைகளிடம், "காவிரியைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டால், வாங்கல் பாலத்தில் வண்டியில் போகும்போது என்கிறார்கள். மணலில் கால் வைத்தவர்கள் நாலைந்து பேர்தான். மோகனூரில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த நிலை!

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆற்றில் போன பிள்ளைகளின் ஜனாஸாவை நானும் சுமந்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன ஐந்து வயதுக் குழந்தைகள் அல்ல. வீட்டில் சொல்லாமல் கூட்டாளிகளோடு போன பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள். "ஆத்துப் பக்கம் போகாதே" என்பதை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். எது ஆழம், எது மேடு என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. சொன்னதை நம்புகிற வயதில் காட்டியிருக்க வேண்டும்.

நானும் தவறியவன்தான். போன வருடம் பேரனோடு கரையோரம் நின்றபோது போன் வந்தது, கையை விட்டுவிட்டேன். கணுக்கால் அளவு தண்ணீர்தான். அடுத்த எட்டில் அவன் மார்பு வரை இறங்கிவிட்டான். மணல் அள்ளிய பழைய குழி. அல்ஹம்துலில்லாஹ், சட்டைக் காலர் கையில் சிக்கியது. மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர், அடியில் குழி. இதைப் பிள்ளைக்கு ஒரு நீளக் குச்சியை விட்டு அளந்து காட்டலாம். பத்து தடவை அதட்டுவதைவிட அது மனதில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். நம் ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் ஆறு பெருகும். மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். பவானி ஆறும் நமக்கு மேலேதான் வந்து சேர்கிறது. வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் கரைமேல் நின்று பார்ப்பதோடு சரி.

இப்போது ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கூழாங்கல் கிடக்கும் இடத்தில் ஆள்காட்டிக் குருவி கத்தினால் அங்கேயே நில்லுங்கள். அது கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் முட்டையிடும். புள்ளி போட்ட முட்டை கல்லோடு கல்லாகக் கிடக்கும். நெருங்கினால் தாயும் தந்தையும் தலைக்கு மேல் பறந்து அலறும். பிள்ளை முட்டையை எடுக்கத்தான் கை நீட்டும். அப்போது, பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு குருவியின் குஞ்சுகளை எடுத்ததையும், தாய்க் குருவி தவித்ததையும், குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் அங்கேயே சொல்லுங்கள். மதரஸாப் பலகையில் நான் சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

"எனக்குப் பறவைப் பெயரெல்லாம் தெரியாதே" என்று ஒரு சகோதரர் சொன்னார். தெரிய வேண்டியதில்லை. 1896-ல் பிறந்த சாலிம் அலி, பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். தொண்டையில் மஞ்சள் திட்டு உள்ள ஒரு குருவியைச் சுட்டு எடுத்துவந்து, இது என்ன என்று கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. சும்மா போ என்று விரட்டாமல், கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். இன்று கோவை ஆனைக்கட்டியில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு பறவை ஆய்வு மையம் இருக்கிறது.

மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்கு முன் ஒரு தடவை போய்வருவோம். வரும் ஞாயிறு பஜ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன் கூடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். தாய்மார்களும் வர வேண்டும். செருப்பு, தொப்பி, குடிதண்ணீர் போதும். தண்ணீரில் இறங்குவது கிடையாது. வெயில் ஏறுமுன் எட்டு மணிக்கு வீடு திரும்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ். ஆட்டோ செலவை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். பெயரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.