எழுபத்து மூன்று எடைக்கற்கள்

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



கணக்கியலைத் தமிழில் உரைக்க இயலாது என்பார் இன்றும் உளர். பாட்டுக்குத் தமிழ் போதும். எண்ணின் இயல்பை ஆராய ஆங்கிலமே வேண்டும் என்பது அன்னார் கூற்று. அது மெய்யா, பொய்யா என்பதை இவ்வூர்க் கடைத்தெருவிலேயே ஆய்ந்து பார்க்கலாம்.

இராசபாளையத்து நூற்கடையில் ஒரு துலைக்கோல் உள்ளதாகக் கொள்க. எடைக்கற்களோ புதுமையானவை. முதல்வகை 1 பலம். ஆறு இரண்டுகளைப் பெருக்கிவரும் 64 பலம் அடுத்த வகை. ஆறு மூன்றுகளைப் பெருக்கிவரும் 729 பலம் அதற்கடுத்தது. இவ்வாறே 4,096, 15,625 எனக் கற்கள் வளரும். இவையே ஆறாம் அடுக்கெண்கள். ஒவ்வொரு வகையிலும் வேண்டிய அளவு கற்கள் உள. அவற்றை ஒரு தட்டில் மட்டுமே இடலாம்.

703 பலம் நூலை நிறுக்க வேண்டும். 729 மிகுந்துவிடும். 64 பலக் கற்கள் பதினொன்று இட்டால் 704. அதுவும் ஒன்று மிகும். எனவே 64 பலக் கற்கள் பத்தும் 1 பலக் கற்கள் அறுபத்து மூன்றும் ஆக 73 கற்கள் வேண்டும். அதனினும் குறைந்த கற்களால் இயலாது.

எண் பெரிதானால் கற்களும் பெருகும் என்று எண்ணற்க. ஆறு பத்துகளைப் பெருக்கினால் பத்து நூறாயிரம். அதற்கு ஒரே கல். ஒரு கோடிக்குப் பத்துக் கற்கள் போதும். சிறிய 703-க்கோ 73!

எத்துணைப் பெரிய முழுவெண்ணுக்கும் 73 கற்கள் போதுமா? எண்களுக்கு எல்லையில்லை; ஒவ்வொன்றாக நிறுத்து முடிவு காண இயலாது. 1770-இல் ஆங்கிலேயர் வாரிங்கு எழுப்பிய பெருவினாவின் ஒரு கூறு இது. போதும் என்று 1940-இல் நிறுவியவர் ஒரு தமிழர்.

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலை தென்காசியை அடையும். அப்பால், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் சு. சி. பிள்ளை எனப்பெறும் சிவசங்கரநாராயணப் பிள்ளை. மழலையிலேயே தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தபோது இவ்வுண்மையைக் கண்டார். 1950 ஆகத்து 31 அன்று, அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணக்கியல் மாநாட்டுக்குச் செல்லும் வழியில், எகித்து நாட்டில் வானூர்தி வீழ்ந்து மாண்டார். அகவை 49. நான்காம் அடுக்குக்கு 19 போதும் என 1986-இல் நிறுவிய மூவருள் ஒருவரும் தமிழரே: இரா. பாலசுப்பிரமணியன்.

பிள்ளை தம் ஆய்வுகளை ஆங்கிலத்தில் எழுதினார். ஆயினும், மேற்கூறிய வினாவில் தமிழுக்கு எட்டாத சொல் யாது? பெருக்கல், அடுக்கு, முழுவெண், நிறுவல் ஆகிய அனைத்தும் தமிழே. நிறுவும் முறை கடினமானது. அஃது எம்மொழியிலும் கடினமே. பேரெண்களின் பெயர்ப் புணர்ச்சிக்கும் தொல்காப்பியம் விதி வகுத்தது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். அத்தகைய மொழிக்கா எண் அயலாகும்?

இழப்பு மொழிக்கு மட்டுமன்று. நூற்பாலைத் தொழிலாளியின் மகனும், பால்கோவாக் கடையில் எடைபோடுவாரின் மகளும் அயன்மொழி தடுக்கியே கணக்கைக் கைவிடின், நாளைய பிள்ளைகள் எத்தனை பேரை இந்நாடு இழக்கும்!

ஆசிரியர்களே! 703-இன் கதையை நாளை வகுப்பறையில் தமிழில் சொல்லுங்கள். கற்களை மாணவர்களே எண்ணட்டும்.