இருபதாயிரம் டாலரும் 1866-ஆம் ஆண்டுச் சட்டமும்



அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2019-இல் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்றொரு முதலீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் கறுப்பினப் பெண்கள். முதலீடு செய்வதும் வெள்ளையரல்லாத பெண்கள் நடத்தும் தொழில்களில்தான். அந்த நாட்டில் புதுத் தொழில்களுக்குப் போகும் முதலீட்டில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைக்கும் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை.

மெலிசா பட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். வால் ஸ்ட்ரீட் வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சமையலறையிலேயே லிப்ஸ்டிக் காய்ச்சியவர். 2015-இல் ‘ஷார்க் டேங்க்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். முதலீட்டாளர்கள் அவரைக் கேலி பேசி வெறுங்கையோடு அனுப்பினார்கள். அவருடைய ‘தி லிப் பார்’ பின்னாளில் பெரிய கடைகளின் அலமாரியில் ஏறியது. அதில் பணம் போட்டவர்களில் ஃபியர்லெஸ் ஃபண்டும் உண்டு.

இந்த நிறுவனம் மாஸ்டர்கார்டு ஆதரவோடு ஒரு போட்டி நடத்தியது. 51 சதவீதமாவது கறுப்பினப் பெண்ணுக்குச் சொந்தமான சிறுதொழிலாக இருக்க வேண்டும். வென்றால் 20,000 டாலர், கூடவே தொழில் ஆலோசனை. அன்று நம் கணக்கில் ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய். அமெரிக்க முதலீட்டு உலகத்தில் இது சில்லறைக் காசு.

அந்தச் சில்லறைக் காசின் மேல் 2023 ஆகஸ்டில் வழக்கு வந்தது. தொடுத்தது எட்வர்ட் ப்ளம் என்பவரின் அமைப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வழக்காடி, அதற்கு ஐந்து வாரம் முன்புதான் உச்ச நீதிமன்றத்தில் வென்றிருந்தவர் அவர். கல்லூரி வாசலில் முடித்த கையோடு கடைவீதிக்கு வந்துவிட்டார்.

அவர் கையில் எடுத்த சட்டம்தான் வேடிக்கை. 1866-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம் அது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்யலாம், சொத்து வாங்கலாம் என்று சொல்வதற்காக வந்தது. அன்றைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்துப் போட மறுத்தார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவருக்குச் சலுகை காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அவருடைய மறுப்பையும் மீறித்தான் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தை வைத்தே, கறுப்பினப் பெண்களுக்கான போட்டியை மூடு என்று வழக்கு!

போட்டிக்கும் ஒப்பந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? விதிமுறைத் தாளில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. போட்டிக்கு விண்ணப்பித்தாலே இந்த விதிகளை ஏற்றதாகும், இவை ஒப்பந்தம் என்று. ஏதோ ஒரு வக்கீல் வழக்கமாகப் போடும் வரியைப் போட்டிருப்பார். வழக்கு வந்ததும் அதை நீக்கிப் பார்த்தார்கள், பயனில்லை. வெல்பவர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தர வேண்டும், நிறுவனம் பணம் தரும். கொடுக்கல் வாங்கல் இருக்கிறதல்லவா? ஒப்பந்தம்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். தொண்டுக்காகத் தருவது ஒரு கருத்தைச் சொல்வதே, அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று கீழ்நீதிமன்ற நீதிபதி தடை விதிக்க மறுத்திருந்தார். 2024 ஜூன் 3 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. மாறுபட்ட நீதிபதி ராபின் ரோசன்பாம் காரமாகவே எழுதினார். பெயர் சொல்லாமல் வழக்காடிய மூன்று தொழில் உரிமையாளர்கள், மைதானத்தில் அடிபட்டதுபோல் உருண்டு பெனால்டி கேட்கும் கால்பந்து வீரர்களைப் போன்றவர்கள் என்பது அவர் கருத்து. அந்தச் செப்டம்பரில் சமரசம் ஆனது. போட்டி நிரந்தரமாக மூடப்பட்டது.

நீதிமன்றம் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது என்று கொதிப்பவர்கள் உண்டு. அவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஹூஸ்டனில் ஒரு லாரி நிறுவனம். இன்ஜினில் ஊற்றும் ஆண்டிஃப்ரீஸ் டின்கள் அறுபதைத் திருடியதாக மூன்று ஊழியர்கள் மேல் குற்றச்சாட்டு. வெள்ளையர் இருவருக்கும் வேலை போனது, கறுப்பினத்தவருக்குப் போகவில்லை. 1976-இல் உச்ச நீதிமன்றம் அந்த இருவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1866 சட்டம் வெள்ளையரையும் காக்கும் என்று அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? தர்குட் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதாடியவரும் அவரே. ஆகவே வாசலிலேயே இனத்தின் பெயரை எழுதிவைத்தால் அந்த நாட்டுச் சட்டத்தில் வழக்கு வரத்தான் செய்யும். வங்கிக் கடன் கிடைக்காதவர், முதலீட்டாளர் எட்டிப்பார்க்காத பகுதியில் தொழில் செய்பவர் என்று நிபந்தனையை மாற்றி எழுதியிருக்கலாம்.

ஆனால் ஃபியர்லெஸ் ஃபண்ட் தீர்ப்பு எவ்வளவு சொன்னது, மற்ற நிறுவனங்கள் எவ்வளவு செய்தன? கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது.

அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லை அலபாமா, ஃபுளோரிடா, ஜார்ஜியா ஆகிய மூன்று மாநிலங்கள். இனத்தைத் தகுதியாக வைத்த ஒரே ஒரு போட்டியைப் பற்றித்தான் தீர்ப்பு. வேலை விளம்பரத்தை நாலு இடத்தில் போடாதே என்றோ, புதிய சிறு வியாபாரிகளைத் தேடிப் போகாதே என்றோ அதில் ஒரு வரி கிடையாது. தீர்ப்பு வந்த அதே ஜூனில் டென்னசியின் டிராக்டர் சப்ளை நிறுவனம், வேலையில் பல தரப்பினருக்கும் இடமளிக்கும் தன் பன்முகத்தன்மைத் திட்டத்தைக் கைவிட்டது. கூடவே கரியமில வாயுவைக் குறைக்கும் இலக்கையும் கைவிட்டது. கரிப்புகைக்கும் 1866 சட்டத்துக்கும் என்ன உறவு? பிறகு ஜான் டியர், ஃபோர்டு. நவம்பரில் வால்மார்ட், 2020-இல் 10 கோடி டாலர் ஒதுக்கித் தொடங்கிய இனச் சமத்துவ மையத்தைத் தொடரப் போவதில்லை என்றது. 2025 ஜனவரி 21-இல் டிரம்ப், அரசு ஒப்பந்ததாரர்கள் வேலை வாய்ப்பில் சமத்துவத்துக்கு முயற்சி எடுக்க வேண்டும் என்ற 1965 ஆணையை ரத்து செய்தார். அதைப் போட்டவரும் ஒரு ஜான்சன்தான், லிண்டன் ஜான்சன்.

மூன்று நாளில் டார்கெட் என்ற பெருங்கடை நிறுவனமும் தன் பன்முகத்தன்மைத் திட்டங்களிலிருந்து பின்வாங்கியது. கறுப்பின வாடிக்கையாளர்கள் புறக்கணிப்பில் இறங்கினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். டார்கெட் அலமாரியில் சரக்கு வைத்திருந்த கறுப்பினத் தொழில்முனைவோர் சிலர், எங்கள் பொருளும் விற்காமல் கிடக்கிறதே என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அதே வாரம் காஸ்ட்கோ என்ற இன்னொரு பெருங்கடை நிறுவனத்தில் என்ன நடந்தது? இந்தத் திட்டங்களால் வரும் ஆபத்தை ஆராய வேண்டும் என்ற தீர்மானத்தைப் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கு மேல் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அங்கும் இதே சட்டம்தான்! டார்கெட்டுக்குத் தைரியம் போதவில்லை, அவ்வளவே.

இது அவர்கள் ஊர் வழக்கு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசின் சிறுதொழில் ஒப்பந்தத் திட்டத்தில், சமூகத்தில் பின்தங்கியவர் என்று கருதப்பட்டவர்கள் பட்டியலில் 1982 முதல் இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். இலங்கையரும் அந்தப் பிரிவில் அடக்கம். ஹார்வர்டு தீர்ப்புக்கு மறுமாதமே டென்னசி நீதிமன்றம் ஒன்று அந்த அனுமானத்துக்குத் தடை போட்டது. அதற்குப்பின், எனக்கு எங்கே, எப்படிப் பாரபட்சம் நேர்ந்தது என்று விண்ணப்பதாரர் தாமே எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. அங்கே கம்பெனி வைத்திருக்கும் தமிழருக்கும் இதே நிலைதான் வந்தது.

ஆகவே அமெரிக்க நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். “கோர்ட் சொல்லிவிட்டது, திட்டத்தை நிறுத்துகிறோம்” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், எந்தக் கோர்ட், எந்தத் தீர்ப்பு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.