டீச்சர் எப்ப வருவாங்க?

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, தோழர்களே!

நோட்டீஸில் எனக்கு வேறு தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். போன வாரம் நான் பார்த்ததைச் சொல்லாமல் இந்த மைக்கை விட்டு நகர மாட்டேன்.

நம் மாவட்டத்தில் ஓர் ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலே இருப்பவனை விட்டுவிட்டு அங்கே சத்துணவு ஆக்கிப் போடுகிற அம்மாவைத்தான் விசாரிப்பார்கள். அந்தப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறைத் திறப்பு விழா. வாசலில் வாழைமரம், பந்தல், கம்பளம். வந்தவர்களுக்கெல்லாம் சால்வை. ரிப்பன் வெட்டினார்கள். சுவரில் ஆளுயரத் திரை. சுவிட்சைப் போட்டதும் நீல வெளிச்சம் வந்தது, கடவுச்சொல் கேட்டது. அங்கே ஒருவருக்கும் அது தெரியவில்லை! அதிகாரி காண்டிராக்டரைப் பார்க்கிறார். காண்டிராக்டர் தலைமையாசிரியரைப் பார்க்கிறார். ஓய்வு பெறப் போகிற அந்த மனுஷன் தரையைப் பார்க்கிறார். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். அந்தத் திரையை இயக்கப் பயிற்சி எடுத்தவர் இன்னொரு டீச்சர். அவர் எங்கே? வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில்.

பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சட்டையின் ஒரு பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தாள், என்னையும் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், எங்க டீச்சர் எப்ப வருவாங்க?"

அதைத்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன். டீச்சர் எங்கே?

அந்தத் திரைக்கும் திறப்பு விழாவுக்கும் போன பணம் என்ன பணம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது யாரும் போடுகிற பிச்சை அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவை நம் பாட்டன்மார் முகத்தில் சாத்தினார்கள். அதனால்தான் தனிப் பள்ளி வந்தது. 1894ல் கர்னல் ஆல்காட் அடையாறில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை பள்ளிகள் நடத்தியது. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்; ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு வளர்ச்சி நிதியைத் தனியே எடுத்து வை என்று சிறப்புக் கூறு திட்டம் 1979-80ல் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். எடுத்து வைத்த பணத்தை வேறு பக்கம் திருப்பாதே என்று சட்டம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு, 2024ல்தான் அந்தச் சட்டமும் வந்தது. தனி நிதிக்குப் பின்னால் இத்தனை பேரின் போராட்டம் இருக்கிறது. அந்த நிதியில் வாழைமரமும் சால்வையுமா?

"எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கொடுங்கள், இவர்களுக்கு மட்டும் என்ன தனி நிதி?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது. கேட்பவன் தன் பிள்ளையைக் கணக்குக்கு ஒரு டியூஷன், இங்கிலீஷுக்கு ஒரு டியூஷன் என்று வண்டியில் இறக்கிவிட்டு வந்து கேட்கிறான். "பணத்தைக் கொட்டினால் மட்டும் படிப்பு வந்துவிடுமா?" என்று இன்னொரு கூட்டம். ஐயா, எதில் கொட்டினீர்கள்? வளைவில் கொட்டினீர்கள். பெயின்டில் கொட்டினீர்கள். திரையில் கொட்டினீர்கள். டீச்சர் எங்கே?

ஏன் எப்போதும் பொருளாகவே வாங்குகிறார்கள் தெரியுமா? பொருளுக்கு டெண்டர் உண்டு. டெண்டரில் கமிஷன் உண்டு. திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு, கல்வெட்டு உண்டு. ஒரு டீச்சரை நியமித்தால் எதில் ரிப்பன் கட்டுவது? அந்த டீச்சர் மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அதை எந்தப் பத்திரிகையில் போடுவது? அந்த விழாவிலேயே ஒரு பிரமுகர், கல்வெட்டில் தன் பெயர் சின்னதாக வந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் காரில் ஏறிவிட்டார். அண்ணே, உங்கள் பெயரை யானை அளவுக்குச் செதுக்கினாலும் அதைப் படிப்பதற்கு அந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்! (சிரிப்பு, கைத்தட்டல்)

ஆள் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? வேறு தேசத்துக்குப் போக வேண்டாம், நம் தெருவிலேயே இருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தது. பிள்ளைகள் படித்ததையும் மறந்தார்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம் வந்தது. நம் தெருவில் பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண், டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு அலைந்த பெண், கைக்குழந்தையோடு இருந்த மருமகள், இவர்களெல்லாம் சாயங்காலம் கோயில் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு சாக்பீஸைக் கைக்காசில் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் என்று எழுதினார்கள். கால் பங்கு! அதைச் செய்தது திரை அல்ல. 1,000 ரூபாய் வாங்கின நம் வீட்டுப் பெண்பிள்ளை செய்தாள்.

அவளுக்கு என்ன மரியாதை செய்தோம்? பள்ளி திறந்து நிலைமை சீரானதும் மையங்களைக் குறைத்தார்கள். நிலைமை யாருக்குச் சீரானது? கழித்தல் தெரியாத பிள்ளை அப்படியே இருக்கிறதே!

இன்னொன்று கேளுங்கள், எனக்கு வயிறு எரிகிற விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009 என்ன சொல்கிறது? தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதுமாம். வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில். ஒன்றுக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று பெருக்கல் வாய்ப்பாட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறது. அந்த இரண்டு பேரிலும் ஒருவருக்குப் பிள்ளைகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றுகிற எமிஸ் பதிவு, ஒருவருக்குத் தேர்தல் வேலை. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஆசிரியரை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும் அனுப்பு, பாட நேரத்தைக் கெடுக்காதே என்று. எந்தத் தனியார் பள்ளியின் ஆசிரியரையாவது கூப்பிடுகிறார்களா? கூப்பிட்டால் பெற்றோர் வரிசையாகக் காரை நிறுத்தி மறியல் செய்வார்கள். நம் பிள்ளைக்குப் பாடம் போனால் கேட்க ஆள் இல்லை என்கிற நினைப்பு! அந்த நினைப்பின் மேல்தான் எனக்குக் கோபம்.

காலி இடத்துக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய். கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. தகுதித் தேர்வு எழுதித் தேறின பெண், இரண்டு பஸ் மாறி வருகிறவள், இந்தச் சம்பளத்தில் எத்தனை வருஷம் வருவாள்? ஜூனில் வந்தவள் தையில் கல்யாணமாகிப் போகிறாள், அல்லது ஜவுளிக்கடையில் இதைவிடக் கூடக் கொடுக்கிறான் என்று போகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

டெல்லிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024-25க்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், அப்போதுதான் பணம் என்றார்கள். அந்தப் பணத்தில் யார் சம்பளம் இருக்கிறது? மாற்றுத்திறன் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கை பிடித்து எழுதச் சொல்லித் தருகிற சிறப்புப் பயிற்றுநரின் சம்பளம் இருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளின் செலவு இருக்கிறது. கொள்கைச் சண்டையை என்னோடு போடு, மந்திரியோடு போடு, நாடாளுமன்றத்தில் போடு. பேசத் தெரியாத பிள்ளையின் டீச்சருக்குப் போகிற பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டா சண்டை போடுவது? மாநில அரசு 2025ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போனது சரி.

அதற்காக மாநிலத்துக்காரர்கள் எழுந்து கை தட்ட வேண்டாம், உட்காருங்கள். உங்களுக்கும் இருக்கிறது. 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தீர்கள். நல்ல பெயர், சாதிப் பெயர் எழுதின வாசலில் நுழைய அந்தப் பிள்ளைகள் கூசினது எனக்குத் தெரியும். ஆனால் பலகைக்கு உள்ளே வாருங்கள். பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு உணவுப்படி மாதம் 1,400 ரூபாய். நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். இந்த டவுனில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ சாப்பிட்டுப் பாருங்கள், தீர்ந்துபோகும். அதில் மூன்று வேளையும் போட வேண்டும். ராத்திரி ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரே காப்பாளர் இரண்டு விடுதியைப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன. வாட்ச்மேனிடமா அல்ஜீப்ரா கேட்பான்? டீச்சர் எங்கே?

இந்தத் தனி நிதிப் பணத்தை ஒளிக்கிற வித்தை எல்லா மாநிலத்துக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் ஒரு திட்டம் போடு, அதில் பட்டியல் சாதியினரும் பயனடைவார்கள் என்று அவர்கள் பங்கை இந்தக் கணக்கில் எழுது, செலவழித்தாயிற்று! பாலத்தில் இவர்களும் நடப்பார்கள், எழுது! கர்நாடகத்தில் 2013ல் இந்த நிதிக்குச் சட்டம் போட்டபோதே அதற்குள் '7டி' என்று ஒரு சந்து வைத்துக்கொண்டார்கள். பொதுத் திட்டத்தில் போனதையும் இவர்களுக்குப் போனதாகக் கருதலாம் என்றது. பத்து வருஷம் கத்திய பிறகுதான் அதை நீக்கினார்கள்.

இங்கிலாந்தில் 2011லிருந்து ஏழைப் பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். அங்கேயும் பட்ஜெட் ஓட்டையை அடைக்க அதை எடுத்த பள்ளிகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு கட்டாயம் இருக்கிறது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுகிறோம், அதனால் என்ன பலன் என்று ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். நம் பள்ளிச் சுவரில் தலைவர்கள் படம் வரைய இடம் இருக்கிறது, திருக்குறள் எழுத இடம் இருக்கிறது. இந்த வருஷம் வந்தது இவ்வளவு, ஆசிரியருக்கு இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு என்று மூன்று வரி எழுத இடமில்லையா?

தாய்மார்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்; அப்படித்தான் சட்டம். தலைவியே உங்கள் தெருக்காரிதான். பள்ளி மானியம் வருகிறது: 30 பிள்ளை வரைக்கும் 10,000, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000. குழுத் தீர்மானம் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. எப்படித் தொடுகிறார்கள்? களையெடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வருகிற தலைவியை வழியில் நிறுத்தி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா, அவசரம்" என்று வெறும் தீர்மான நோட்டை நீட்டுகிறார்கள். அவளும் டீச்சர் மேல் உள்ள மரியாதையில் போட்டுவிட்டுப் போகிறாள். இனிமேல் போடாதே அம்மா! மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல். படிக்கத் தெரியாவிட்டால் உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ.

இப்போது தீர்மானம் வாசிக்கப் போகிறார்கள். மூன்றே கோரிக்கை. ஐந்து வகுப்பு உள்ள ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு ஐந்து ஆசிரியர், அந்தத் தனி நிதியிலேயே, நிரந்தரமாக. பாட நேரத்தில் ஓர் ஆசிரியரையும் வேறு வேலைக்கு அனுப்பாதே. வரவு செலவைப் பள்ளிச் சுவரில் எழுது. ஏற்பவர்கள் கை தூக்குங்கள். மனுக்களை அச்சடித்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலகம், குறைதீர்க்கும் நாள். பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாம் போவோம். டோக்கன் வரிசை நீளமாக இருக்கும், குடிதண்ணீர் கொண்டு வாருங்கள்.