எங்கள் கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள்



2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் மண்சரிவும் உங்களை வீட்டை விட்டு வெளியேற்றின. இப்போது மாத்தளை மாவட்டத்தில் உங்கள் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் திரும்புகிறீர்கள். இனி எங்களைப் போன்றவர்கள் கேள்வித்தாளோடு உங்கள் வாசலுக்கு வருவோம். கொடுத்த உதவி பயன்பட்டதா என்று கேட்போம். இதைத்தான் மதிப்பீடு என்கிறோம்.

வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்ல நமக்குக் கூச்சம். சொன்னால் அடுத்த உதவி நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு. அதனால் "எல்லாம் நல்லம்" என்று சொல்லிவிடுகிறோம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டு மீனவர்களுக்குப் படகுகள் வந்து குவிந்தன. எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் கடலுக்கு ஒத்துவராத படகுகளும் அதில் இருந்தன. உதவி நிறுவனங்கள் பல சேர்ந்து செய்த சுனாமி மதிப்பீடு 2006இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்ட மக்களிடம் போதியளவு கேட்கவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட முக்கியமான குறை.

ஆகவே, வருபவர் இப்படி நடக்க வேண்டும்:

- தான் யார், எதற்காக வந்தார், உங்கள் பதில் யாரிடம் போகும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.
- நீங்கள் சம்மதித்தால் மட்டுமே கேட்கலாம். மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம். அதற்காக உங்கள் உதவி குறையக்கூடாது.
- உங்களுக்கு வசதியான மொழியில் பேச வேண்டும். பெண்கள் பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம்.
- தோட்ட அதிகாரியோ உதவி தந்தவரோ பக்கத்தில் நின்றால், தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள்.
- கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.
- உதவிக்குப் பதிலாகப் பணமோ வேறெதுவுமோ கேட்டால் உடனே முறையிடுங்கள்.

வீட்டுக்கு மேலே நிலம் வெடித்திருந்தால், "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அது உயிர் விஷயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து இடத்தைப் பார்த்ததா, இல்லையா என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்காகப் படம் எடுப்பதும் எழுதுவதும் என் வேலை. புது வீட்டின் முன் சிரிக்கும் முகத்தைப் படம் எடுப்பது சுலபம். ஒழுகும் கூரையை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் காட்டினால், அடுத்த தோட்டத்திலும் அதே கூரைதான் போடப்படும்.

நீங்கள் சொல்லும் குறை நன்றிகெட்டதனம் அல்ல. உங்களுக்குப் பின்னால் வரும் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் உதவி அது. நாங்கள் திரும்பி வந்து, கேட்டதை வைத்து என்ன செய்தோம் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.