அடிபட்டவருக்குத் துணை யார்?
(கிளைக் கமிட்டி அங்கத்தினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச வந்தது அடிபட்டவர், திருட்டுக் கொடுத்தவர், மானபங்கப்பட்டவர் ஆகியோரைப் பற்றி. இவர்கள் போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் அலையும்போது சங்கம் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டு நான் கிளைச் செயலாளராக இருந்தேன். சம்பள நாளன்று இரவு எங்கள் லயத்தில் ஒரு சண்டை. பால்மரம் வெட்டும் ஒரு சகோதரியின் வலது மணிக்கட்டை ஒருவன் கட்டையால் அடித்து முறித்துவிட்டான். அவனும் சங்க அங்கத்தினன். மறுநாள் அவனை ஜாமீனில் எடுக்க ஐந்து பேர் போனோம். அந்த அம்மாளோ கையில் கட்டோடு தனியே பஸ் ஏறி ரிப்போர்ட் கொடுக்கப் போனார். “ஒரே லயம், ஒரே கோயில், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் அம்மா” என்று அவரிடம் சொன்னவனும் நான்தான்.

அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், கைநாட்டு வைத்தார். அதைத் தமிழில் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், “அன்று ஒன்று எழுதியிருக்கிறது, இன்று வேறு சொல்கிறாயே” என்று மடக்கினார். வழக்கு இரண்டு முறை தள்ளிப் போயிற்று. மூன்றாம் முறை அந்த அம்மாள் வரவில்லை. கை முறிந்தவருக்கு வேலை ஏது? பஸ் கட்டணத்துக்கு வழி ஏது? அவன் விடுவிக்கப்பட்டு லயத்துக்குத் திரும்பினான். அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டார்.

தோழர்களே, குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் உரிமை உண்டு. ஜாமீன் எடுத்தது தவறல்ல. ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த அம்மாளோடு போகவில்லையே, அதுதான் தவறு. எலும்பு முறிந்தால் அது தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவின்படி கொடுங்காயம். அதைக் கோயில் வாசலில் முடித்துவைக்க நான் யார்?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கிரிமினல் வழக்கை நடத்துவது அரசாங்கத்தின் பிராசிகியூட்டர். அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. ஆகையால், கேட்டால்தான் அவருக்கு விவரம் கிடைக்கும். எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ரிப்போர்ட். மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் போலீஸார் தகவலைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஆம் பிரிவு கூறுகிறது. “அந்த ஸ்டேஷனுக்குப் போ” என்றால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு, வாக்குமூலம். 112ஆம் பிரிவின்படி, சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். புரியாத காகிதத்தில் கை வைக்காதீர்கள்.

மூன்று, விசாரணை நிலவரம். கைது வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் கடந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறதென்று எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் பப்ளிக் பிராசிகியூட்டரிடம் முறையிடலாம். இது 107ஏ பிரிவு. 2007 முதல் நடப்பில் உள்ளது.

நான்கு, தீர்ப்பு. குற்றவாளி என்று முடிவானதும், தண்டனை விதிக்கும் முன், தனக்கு நேர்ந்த துன்பத்தைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லப் பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ கேட்கலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு இடம் தந்தது. பிராசிகியூட்டர் விண்ணப்பித்தால் 426ஆம் பிரிவின்படி காயத்துக்கும் இழந்த வருமானத்துக்கும் கோர்ட் நஷ்டஈடு கட்டளையிட வேண்டும். ஆகவே மருத்துவச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி முன்னதாகவே பிராசிகியூட்டரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. ‘விடுவிப்பு’ வேறு, ‘குற்றமற்றவர் என்று விடுதலை’ வேறு. முன்னது மட்டும் என்றால் வழக்கை மீண்டும் தொடர இடமுண்டு. அந்த அம்மாளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. எனக்கும் அன்று தெரியாது.

துணைக்குப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாகப் பேசக்கூடாது. என்ன சொல்ல வேண்டுமென்று சொல்லிக் கொடுக்கவே கூடாது. அது வழக்கையே கெடுக்கும். சம்பவத்தைக் கண்ணால் கண்டவர் துணையாகப் போக வேண்டாம். அவர் சாட்சி சொல்லும் வரை வெளியே இருக்க வேண்டியவர். ரிப்போர்ட் எண், விசாரணை அதிகாரியின் பெயர், அடுத்த தவணைத் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். யாராவது மிரட்டினால் அன்றே அதிகாரியிடம் தெரிவியுங்கள்.

பெண்களும் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டால் முதலில் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரே இடத்தில் உதவி செய்யும் பிரிவு உண்டு. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம்.

இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைய இருக்கிறார்கள். அடி அவர்களுக்கும் வலிக்கும். மொழி தெரியாத அவர்களை விட்டுவிடாதீர்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளையிலும் இருவரை இந்த வேலைக்கு நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கோர்ட்டு நாளில் பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் கிளைப் பணத்தில் சிறு தொகை ஒதுக்குங்கள். லீவு கேட்டு நிர்வாகிக்குக் கிளையின் பெயரால் கடிதம் எழுதுங்கள். அடித்தவரும் அடிபட்டவரும் அங்கத்தினராக இருந்தால் இருவருக்கும் ஒரே ஆள் போக வேண்டாம்.

அந்த அம்மாளை மறுபடி நான் பார்க்கவில்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன். உங்களில் யாருக்கும் அப்படிக் கேட்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.