வண்டியில் ஏறுமுன்

கரடியனாற்றிலே வழி கேட்டவரோடு கூடவே நடந்து சென்று இடத்தைக் காட்டுவோர் உண்டு. அதற்குக் கூலி கேட்பார் இல்லை. அவ்வூர் முதியவர் ஒருவர் சிதம்பர தரிசனத்தை நாடிச் சென்னை மீனம்பாக்கத்தில் வந்திறங்குகிறார் என வைத்துக்கொள்வோம்.

“வாங்கய்யா, எங்கே போகணும்?” என்று நால்வர் சூழ்கின்றனர், ஒருவர் பெட்டியையே தூக்கிவிடுகிறார். தமிழ்க்குரல் கேட்டு முதியவர் நெஞ்சு நெகிழ்கிறது. ஆறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்கு நானூறு ரூபாய் என்றதும், மலிவென்றெண்ணித் தலையசைக்கிறார். இரு நாட்டு நாணயங்களும் பெயரில்தான் ஒன்று. 2024இல் இந்திய ரூபாய் ஒன்று இலங்கை ரூபா மூன்றுக்கும் மேற்பட்ட பெறுமதி உடையதாயிருந்தது.

2013இல் தமிழக அரசு ஆட்டோக் கட்டணத்தை முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாய், அப்பால் கிலோமீற்றருக்கு 12 ரூபாய் என வகுத்தது. அக்கணக்கில் 5.8 கிலோமீற்றருக்கு 73 ரூபாய். அத்தொகைக்கே வண்டி கிடைக்கும் என்பதன்று; பேரத்தை எங்கே தொடங்குவது என்பதை அது உணர்த்தும்.

ஆதலின் பெட்டியைக் கைவிடாதிருத்தல், தூரத்தை முன்னரே அறிதல், எந்நாட்டு ரூபாய் என உணர்ந்து தொகையை ஏறுமுன் பேசி முடித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். வேண்டாமெனின் ஒருமுறை சொல்லி நடந்துவிடலாம். சினம் வேண்டா, வண்டிக்காரரும் பிள்ளைகுட்டிக்காரரே. கணக்கு முதலில் முடிந்துவிட்டால், தமிழ் பேசி மகிழ வழிநெடுக நேரமுண்டு.