ஏழையின் பெயரும் அமானிதமே



பேரேட்டில் ஜகாத் கணக்கு எழுதிய காலம் போய், இன்று சிற்றூர் ஜமாஅத்துகளிலும் பைத்துல்மால் கணக்கு கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. வரவேற்கத்தக்கதே. கூட்டல் பிழை குறையும். ஒருவருக்கே இருமுறை உதவி சென்றால் தெரிந்துவிடும். எனினும் ஒன்றைச் சிந்தியுங்கள். பேரேட்டைத் திருட விரும்புபவன் பள்ளிவாசலுக்குள் வந்து பீரோவை உடைத்தாக வேண்டும். கணினியில் உள்ள பட்டியல் ஒரு விரலசைவில் ஊரெங்கும் போய்விடும்.

பெரும் நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியைச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் செய்துவருகின்றன. அப்பணிக்கான விவரங்களை வைத்திருந்த சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்திருப்பது 2022 ஜனவரியில் தெரியவந்தது. காணாமற்போனோர், அவர்தம் உறவினர், காவலில் இருப்போர் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே இருந்தன. அவர்கள் புகுந்தது 2021 நவம்பர் 9இல். கண்டறிய எழுபது நாட்கள் ஆயின. மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டைக்கான திருத்தம் உரிய நேரத்தில் பொருத்தப்படாததே அவர்களுக்கு வழியாயிற்று. வல்லுநர்கள் பணிபுரியும் இடத்திலேயே இந்த நிலை! ஆயினும் அக்குழு நடந்ததை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது. அது பாராட்டுக்குரியது.

நம்மிடமோ அந்நியன் புகவே தேவையில்லை. ரமளானில் அரிசிப் பை பெறும் விதவையின் புகைப்படத்தை நாமே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். தொகையைக் காட்டுங்கள், ரசீதைக் காட்டுங்கள். அவளது முகம் எதற்கு?

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது கஅபாவின் சாவியை உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெற்றுத் திறந்த நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அதை அவரிடமே திருப்பித் தந்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு பணிக்கும் 4:58 வசனம் இதையொட்டி இறங்கியது என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. இன்றைய பைத்துல்மாலின் சாவி கடவுச்சொல். நிர்வாகம் மாறும்போது பீரோச் சாவியைச் சாட்சி வைத்து வாங்குகிறோம். கடவுச்சொல்லை யாரும் கேட்பதில்லை. கணக்கு முழுவதும் முன்னாள் செயலாளருடைய மகனின் மின்னஞ்சலில் இருக்கும். மகனோ வளைகுடாவில் இருப்பார். அவர் விடுமுறையில் வரும்வரை மாத உதவிப் பட்டியல் திறக்காது!

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவோடு இவற்றையும் கேளுங்கள். கணக்கைத் திறக்கக்கூடியவர் யார் யார்? பொறுப்பிலிருந்து விலகியவரின் கடவுச்சொல் மாற்றப்பட்டதா? கணினி பழுதானால் மற்றொரு நகல் எங்கே இருக்கிறது, அதை யாரேனும் திறந்து பார்த்ததுண்டா? குமர் காரியத்திற்கு உதவி பெற்ற பெண் இன்று பிள்ளைகளோடு கண்ணியமாக வாழ்கிறாள். தணிக்கைக்கு வேண்டிய காலம் முடிந்த பின்னும் அவள் பெயரும் முகவரியும் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கின்றன?